8 நிமிடம் பேச 46 மணித்தியாலம்: ஒரு மாநாட்டு உரையின் கணக்கு

ஒரு மாநாட்டு உரைக்குத் தயாராக எவ்வளவு நேரம் போகும் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "இரண்டு இரவு" என்பேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். கண்விழித்து ஸ்லைட் செய்த அந்த இரண்டு இரவுதான் மனதில் நிற்கும். பஸ்ஸில் யோசித்தது, கிணற்றடியில் முணுமுணுத்தது, யாரோ கேட்ட கேள்விக்காகத் திரும்பவும் படங்களைக் கிண்டியது எதுவும் கணக்கில் வராது. இந்த முறை 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, உட்கார்ந்த நேரம், எழும்பிய நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். அந்தக் கொப்பியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உரை மட்டக்களப்பு நகரில் நடந்த ஓர் ஆய்வு மாநாட்டில். 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. ஆய்வுக்கே ஆறு மாதம் போனது, அதை இதில் சேர்க்கவில்லை. ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து மேடையில் ஏறும் வரை போன நேரம் மட்டும்தான் கணக்கு. அது 24 நாளில் 46 மணித்தியாலம்.

பேச வேண்டியிருந்தது என்ன

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். புத்தகத்தில் வாவி, களப்பு என்று இருந்தாலும் ஊரில் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடலோடு சேர அதற்கு இரண்டு வாய். நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரி மழை கொட்டி, மேற்கிலிருந்து வெள்ளமும் வந்து சேர்ந்தால் ஆறு ஏறும். ஏறினால் மேற்குக் கரையான படுவான்கரையின் வெள்ளாமைக்குள் தண்ணீர் நிற்கும். பிறகு ஒன்றில் தண்ணீரே மணலை உடைத்துக்கொண்டு போகும், அல்லது ஆட்கள் வெட்டிவிடுவார்கள். எந்த நாளில் வெட்டுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு கணக்கு, தோணிக்காரருக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வொரு மாரியிலும் இந்தப் பேச்சு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரை போகும்.

என் வேலை அந்த வழக்கைத் தீர்ப்பது அல்ல. முகத்துவாரம் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை இலவசமாகக் கிடைக்கும் செய்மதிப் படங்களிலிருந்து பின்னோக்கிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பது மட்டும்தான். சொல்லக் கேட்டால் லேசு. ஆனால் சென்டினல் 2 எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். பெக்கோ இயந்திரம் முதலில் தோண்டுகிற வாய்க்கால் அந்த ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிப்போகும். தண்ணீர் பாய்ந்து கரையை அரித்து, வாய் அகன்ற பிறகுதான் படத்தில் தெரியும். தெரிய வேண்டிய அந்த நாட்களிலோ வானம் முழுக்க மாரி மேகம். இரண்டு செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை வந்து பார்த்தாலும் மேகத்தின் முதுகுதான் கிடைக்கும்.

அதனால் சென்டினல் 1 பக்கம் போனேன். அது ரேடார். மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். ஆனால் ஒரே செய்மதி அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் எடுக்கும். இந்த இழுபறியைத்தான் 12 நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

ஸ்லைட் என்ற பள்ளம்

முதல் பத்து நாளும் நான் செய்தது ஸ்லைட் மட்டும். கொப்பியில் அதற்கு 19 மணித்தியாலம் விழுந்திருக்கிறது. மொத்தம் 34 ஸ்லைட் செய்தேன். மேடையில் காட்டத் தேர்ந்தது ஒன்பது. மிச்சம் 25-க்கும் போன நேரத்தைத் தனியே பிரித்துப் பார்த்தால் 12 மணித்தியாலத்துக்குக் குறையாது.

ஏன் இவ்வளவு என்று இப்போது விளங்குகிறது. ஸ்லைட் செய்வது வேலை செய்வது போலவே இருக்கும். ஒரு படத்தை வெட்டி ஒட்டி, அம்புக்குறி போட்டு, நிறத்தை மாற்றினால் கண்ணுக்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. மனம் ஸ்லைட்டைத்தான் தேடும். எனது முதல் ஏழு ஸ்லைட்டும் தலைப்பு, பொருளடக்கம், வாவியின் புவியியல், பழைய ஆய்வுகள், நோக்கம், நோக்கத்தின் உப பிரிவுகள், ஆய்வுப் பிரதேச வரைபடம் என்று ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல் இருந்தன. பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கும் ஒரு தனி ஸ்லைட். 1913-இல் கட்டியது. படத்தில் இடத்தை அடையாளம் காண உதவும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில் அந்தப் புகைப்படம் நன்றாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் பேச்சை முழுதாக எழுதி, போனில் நேரம் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். 2,300 சொல், 27 நிமிடம். எனது வாயில் நிமிடத்துக்கு 85 சொல்தான் போகிறது. ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்குச் சொல்லும் சொற்கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. "வெட்டப்பட்டிருக்கவில்லை" என்பது நமக்கு ஒரே சொல். அப்படியானால் 12 நிமிடத்துக்கு ஆயிரம் சொல் தாண்டக்கூடாது. படத்தைக் காட்டிவிட்டு சனம் பார்க்க விட வேண்டிய இடைவெளியையும் கழித்தால் 850. எழுதியதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சரி, எதை எறிவது? அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாலமீன்மடுவில் ஒரு பின்னேரம்

மாமா பாலமீன்மடுவில் இருக்கிறார். ஐம்பது வருடமாக அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இளவயதில் வடமோடிக் கூத்தும் ஆடியிருக்கிறார். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனது உண்மையில் வேறு அலுவலாக. அம்மா கொடுத்துவிட்ட சாமானைக் கொடுக்கப் போனேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மாமி பிளேன்டி கொண்டுவந்து வைத்தார்.

"என்னடா தம்பி, பேசப் போறியாமே. பேசிக் காட்டு பாப்பம்."

பேசினேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஸ்லைட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னும் வாய்க்கே வரல்லயே."

அவர் பகிடி விடவில்லை. முகத்துவாரத்தைப் பற்றிப் பேச வந்தவன் ஐந்து நிமிடமாக முகத்துவாரத்துக்கு வந்து சேரவில்லை என்றுதான் சொன்னார். 27 நிமிடத்தில் எதை எறிவது என்று ஒரு கிழமையாக மண்டையைப் போட்டு உடைத்ததற்கு அது பாதி மருந்து. வாய்க்கு முன்னால் இருந்த ஏழு ஸ்லைட்டையும் அன்றிரவே தூக்கினேன். வெளிச்சவீடும் போனது. கொஞ்சம் மனவருத்தம்தான்.

மீதி மருந்து ரேடார் படத்தில் வந்தது. மண் வெள்ளையாக, தண்ணீர் கறுப்பாக இருந்த படத்தைக் காட்டி, "கறுப்பெல்லாம் தண்ணி, மாமா. வெள்ளைக் கோட்டுக்கு நடுவில கறுப்பு வந்தா வாய் திறந்து கிடக்கு எண்டு அர்த்தம்" என்றேன்.

"தண்ணி ஏன் கறுப்பு?"

ரேடார் அலை சாய்வாக வந்து விழும், அமைதியான தண்ணீர் கண்ணாடி மாதிரி அதை மற்றப் பக்கம் தெறிக்கவைத்துவிடும், செய்மதிக்கு ஒன்றும் திரும்பி வராது, அதனால் கறுப்பு என்று விளங்கப்படுத்தினேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அப்ப வாடை அடிச்சா? மாரியில ஆறு எப்ப தம்பி கண்ணாடியாக் கிடந்த?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. ரேடார் பாடத்தில் இது முதல் பக்கத்து விஷயம். காற்று அடித்து நீர்ப்பரப்பு கரடுமுரடானால் அலை செய்மதிக்குத் திரும்பி வரும், தண்ணீரும் வெளிறிப்போகும். படித்திருக்கிறேன், ஆய்வறிக்கையில் ஒரு வரியும் எழுதியிருக்கிறேன். ஆனால் முகத்துவாரம் திறக்கிற காலமும் வாடைக்காற்றுக் காலமும் ஒன்றுதான் என்பதை ஒரு தடவையாவது சேர்த்துப் பார்த்தேனா? இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வலை பொத்துகிற ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ஒரு கேள்விக்கு 4 மணித்தியாலம் போனது. ஒவ்வொரு ரேடார் படத்தையும் திரும்ப எடுத்து, திறந்த கடல், உள் வாவி, வாய் மூன்றும் எவ்வளவு வெளிறியிருக்கின்றன என்று ஒப்பிட்டேன். சில படங்களில் அலை அடித்த தண்ணீருக்கும் ஈர மணலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அவற்றைத் "தெரியாது" என்று தனியாகப் பிரித்தேன். முடிவு கொஞ்சம் மெலிந்தது. ஆனால் உரைக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. மேகம் ஒரு செய்மதியின் கண்ணைக் கட்டுகிறது, காற்று மற்றச் செய்மதியைக் குழப்புகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த நாட்களை நம்பலாம்? மிஞ்சிய ஸ்லைட்டெல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

சொல்லும் மாறியது. "பிரிதிறன்" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "ஒரு புள்ளிக்குள்ள எவ்வளவு நிலம் அடங்கும்" என்றதும் தலையாட்டினார். மேடையில் இரண்டையும் சொன்னேன், ஆனால் இரண்டாவதை முதலில்.

அடுக்குப் பார்ப்பது

கிளம்பும்போது மாமா கேட்டார், "அடுக்குப் பாத்தியா?"

கூத்துக்காரர் பேச்சு அது. எங்கள் பக்கத்தில் ஒரு கூத்துப் போடுவதென்றால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆட்களைத் தேர்ந்து சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பகுதியை எழுதிக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குவார். சதங்கை அணிகிற நாள் வரும். அதற்குப் பிறகு, அரங்கேற்றத்துக்கு முன்னால், முழுக் கூத்தையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பதுதான் அடுக்குப் பார்த்தல். துண்டு துண்டாக எல்லாருக்கும் ஆட்டம் தெரியும். அடுக்கில்தான் யாருடைய வரவு பிந்துகிறது, எந்தப் பாட்டு இழுக்கிறது என்பது வெளியே வரும்.

நான் அதுவரை துண்டு துண்டாகத்தான் பழகியிருந்தேன். தடுமாறினால் நிறுத்தி, அந்த இடத்தைத் திருத்தி, அங்கிருந்து தொடர்வேன். அப்படிப் பழகினால் தொடக்கம் வாய்ப்பாடாகிவிடும், கடைசி இரண்டு நிமிடம் பச்சையாகவே கிடக்கும். அதன்பிறகு தடுமாறினாலும் நிறுத்தாமல் முழுதாக 11 தடவை ஓட்டினேன். இடையில் செய்த திருத்தங்களோடு 7 மணித்தியாலம். நாலாவது ஓட்டத்தில் கண்டுபிடித்தது ஒன்று. ஒரு ஸ்லைட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் "அப்ப, அடுத்ததா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த படம் ஏன் வருகிறது என்று எனக்கே தெரியாத இடங்கள் அவை. அதில் இரண்டு ஸ்லைட்டை இடம் மாற்றினேன், ஒன்றை எறிந்தேன். அந்தச் சொல் தானாக மறைந்தது.

எழுதிய பேச்சைப் பாடமாக்கவில்லை. முதல் மூன்று வசனமும் கடைசி இரண்டு வசனமும் மட்டும் மனப்பாடம். நடுவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு வசனம், அந்தப் படம் எதற்கு வந்தது என்பது. மற்றது வாயில் வருகிறபடி. பாடமாக்கிப் பேசுகிறவர் ஒரு சொல்லை மறந்தால் எப்படி விழிப்பார் என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நானும் ஒரு தடவை விழித்திருக்கிறேன்.

மண்டபம்

மாநாட்டு நாள் காலை 7.30-க்கு மண்டபத்தில் நின்றேன். கொப்பியில் இது 2 மணித்தியாலம். அந்த 2 மணித்தியாலம் இல்லாவிட்டால் மற்ற 44-உம் வீண்தான்.

மண்டபத்துக் கணினியில் பென் ட்ரைவைப் போட்டுத் திறந்ததும் முதல் அடி. எனது எழுத்தெல்லாம் யூனிகோட், அது ஒழுங்காக வந்தது. ஆனால் வரைபடத்தின் இடப்பெயர்கள் ஒரு நண்பர் பல வருடத்துக்கு முன் செய்த கோப்பிலிருந்து எடுத்தவை. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு. எனது லெப்டொப்பில் பாமினி இருந்ததால் வீட்டில் தெரியவே இல்லை. இங்கே அது இல்லாததால் கல்லடியும் கல்லாறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. நமது ஊர்க் கந்தோர்களில் பாதிக் கோப்பு இன்னமும் பாமினியில்தான் என்பதால், இது எனக்கு மட்டும் வரும் வருத்தம் அல்ல. லெப்டொப்பில் திறந்து, முழுவதையும் பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனேன். எழுத்துப் பிரச்சினை போனது. ஆனால் வாய் மூடிய படத்தின் மேல் வாய் திறந்த படம் மெல்ல வந்து விழுகிற அசைவும் சேர்ந்து போனது. இரண்டையும் அடுத்தடுத்த பக்கமாக, ஒரே அளவில், ஒரே இடத்தில் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் படம் மாறும், கரை அசையாது. உண்மையைச் சொன்னால் அசைவை விட அதுதான் தெளிவாக இருந்தது.

இரண்டாவது அடி வெளிச்சம். மண்டபத்தில் ஒரு பக்கம் முழுக்க யன்னல், திரைச்சீலை இல்லை. காலை வெயில் நேரே திரையில். ரேடார் படம் ஏற்கனவே பாதிக்கு மேல் கறுப்பு. புரொஜெக்டரில் கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது, ஒளி விழாத திரைதான் கறுப்பு. திரையில் வெயில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். வீட்டில் அவ்வளவு அழகாகத் தெரிந்த வாய், பின் வரிசையில் போய் நின்று பார்த்தபோது காணாமல் போயிருந்தது. வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் வெளிறியும் மண் கறுத்தும் தெரிகிற மாதிரிப் படத்தைத் தலைகீழாக்கி, முகத்துவாரத்தைச் சுற்றித் தடித்த சிவப்புக் கட்டம் போட்டேன். பேச்சிலும் "கறுப்பு" வருகிற இடமெல்லாம் "வெளிறல்" என்று மாற வேண்டும். அதை மட்டும் ஒரு ஐந்து தடவை முணுமுணுத்தேன்.

மேடை

எனக்கு முன்னால் பேசியவர் நேரத்தைத் தாண்டினார். தலைமை தாங்கிய சேர் என்னைப் பார்த்து, "எட்டு நிமிசத்துக்குள்ள முடிச்சிருங்கோ" என்றார். கோபம் வந்தது. 12 தருகிறோம் என்று எழுதித் தந்துவிட்டு எட்டாக்குவது நியாயமா? கேட்கவில்லை. ஒவ்வொரு படமும் எதற்கு வந்தது என்று ஒரு வசனம் கையில் இருந்ததால், எந்த இரண்டை விட்டால் பேச்சு முறியாது என்பது தெரிந்திருந்தது. கணிப்பு முறைப் படமும் ஒப்பீட்டு அட்டவணையும் போயின. 27 நிமிடத்து முதல் எழுத்தோடு ஏறியிருந்தால் எட்டாவது நிமிடத்தில் வெளிச்சவீட்டடியில்தான் நின்றிருப்பேன்.

ஒரு இடத்தில் பழக்கதோஷத்தில் "கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் தண்ணீர்" என்று சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இரண்டு பேர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திருத்திக்கொண்டேன். காற்றுக் கேள்வி வந்தது, நீர்ப்பாசனத்தில் வேலை செய்த ஒருவரிடமிருந்து. அதற்குப் பதில் தயாராக இருந்தது. அடுத்தது வந்தது, "அப்போ வாயை முந்தி வெட்டவேண்டுமா, பிந்தி வெட்டவேண்டுமா?" இதை யாராவது கேட்பார்கள் என்று ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தோன்றவில்லை. எப்போது திறந்தது என்பதைத்தான் படம் சொல்லும், எப்போது திறக்க வேண்டும் என்று அது சொல்லாது என்று சமாளித்தேன். சரியான பதில்தான், ஆனால் வாயில் வந்த விதம் நழுவுகிறவன் பேச்சு மாதிரி இருந்தது. 46 மணித்தியாலத்தில் இதற்கு ஒரு 10 நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

கொப்பிக் கணக்கு இப்படி நின்றது: ஸ்லைட் 19, பேச்சை எழுதியது 9, வெட்டியது 5, ஓட்டிப் பார்த்தது 7, காற்றுக் கேள்வி 4, மண்டபம் 2. 12 நிமிடத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டுக்குப் பங்கிட்டால் ஆறுக்குக் கிட்ட. மாமா வீட்டில் இருந்த நேரத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கணக்கில் சேர்க்கவே இல்லை, பிளேன்டிக்குப் போனதாக விட்டுவிட்டேன். இவ்வளவு நாள் பொறுத்துப் போகாமல் முதல் நாளே பாலமீன்மடுவுக்குப் போயிருந்தால் ஸ்லைட்டில் 12 மணித்தியாலம் மிஞ்சியிருக்கும் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

எழுதியது அன்று காலையில். தேநீர் இடைவேளையில் அதைக் கொஞ்சம் திருத்த வேண்டி வந்தது. வவுணதீவுப் பக்கத்து விவசாயி ஒருவர், யாரோ கூட்டிவந்தவர், பணிஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, 2011 வெள்ளப் படம் இரிக்கா?"

இருந்தது. எறிந்த 25-இல் ஒன்று. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது சென்டினல் எதுவும் வானத்தில் இல்லை. நான் வைத்திருந்தது தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு லான்ட்சாட் 7 எடுத்த படம். அந்தச் செய்மதியில் 2003 மே மாதம் ஒரு கருவி பழுதாகி, அதன்பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடு கோடாக வெற்றிடம் விழும். அதை விளங்கப்படுத்தவே இரண்டு நிமிடம் வேண்டும் என்றுதான் எறிந்தேன். லெப்டொப்பைத் திறந்து காட்டினேன். இன்னும் நாலு பேர் சுற்றி வந்து நின்றார்கள். வலையிறவுப் பாலத்தை ஒருவர் கண்டுபிடித்தார். விவசாயி அங்கிருந்து விரலாலேயே வீதியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனார், ஒரு குளத்தைத் தாண்டி, வலப்பக்கம் கிறுகி, ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றார்.

"இஞ்சதான். என்ட வயல் கோட்டுக்குள்ள போயிற்றே."